ராணி ஏறிய ஃபேக்டரி பஸ்

சிரம்பான் பஸ் நிலையத்துக்கு வெளியே, விடிந்தும் விடியாத நேரம். என் பஸ்ஸின் முன்கதவு திறந்திருக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. படியில் ஒரு பெண் நிற்கிறாள். ஒரு கால் மேல்படியில், ஒரு கால் கீழ்ப்படியில். கையில் நீலத் துணிப்பை. அதன் ஜிப் போய்விட்டதால் உள்ளேயிருந்து ஒரு வாணலியின் கைப்பிடி எட்டிப் பார்க்கிறது.

பின்னால் பஸ் நிறையப் பெண்கள். அத்தனை கண்ணும் என் பிடரியில்.

நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறார்கள்.

பெடாஸ் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பெருமாளுக்கு வாய் மூடாது என்று. பல் பிடுங்கப் போனபோது டாக்டர் என் வாயில் பஞ்சை வைத்தார், பஞ்சோடு பேசினேன். துக்க வீட்டில் ஜோக்கடித்து, இறந்தவரின் சம்சாரமே சிரித்துவிட, மரியாதையாக வெளியே அனுப்பி வைக்கப்பட்டவன் நான். அப்படிப்பட்ட வாய் அன்றைக்கு எண்ணெய் தீர்ந்த மோட்டார் மாதிரி இழுத்து இழுத்து நின்றுவிட்டது.

அந்தப் பெண்ணைப் படியில் நிறுத்தியது ஒரு ராணி. ராணியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதவை மூட முடியாது. இன்ஜின் ஓடட்டும், வாருங்கள்.

முதல்முறை படிப்பவர்களுக்கு

போன வாரம் மாடு மிதித்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு பாசாரில் மீன் விற்கும் அம்மா கேட்டார்: "ஏன் பெருமாளு, ஒன் கதையில மாடு வருது, மண்டோர் வர்றாரு, ஒரு பொம்பளகூட வர்லயே, ஏன்லா?" அந்தக் கேள்விதான் இந்த வாரம்.

நான் பஸ் ஓட்டுகிறவன். பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தேன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சண்டை எதுவும் இல்லை. நான் உள்ளே போனால் அது தூங்க வைக்கும், தூங்கினால் வாத்தியார் எழுப்புவார், எழுப்பினால் நான் ஆற்றுக்குப் போய்விடுவேன். அவ்வளவுதான் எங்கள் உறவு. தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். இதில் பிழை இல்லாமல் இருந்தால் அது பத்திரிகை ஆசிரியர் செய்த புண்ணியம்.

எங்கள் தோட்டத்தில் கித்தா மரம், அதாவது ரப்பர், போய் செம்பனை வந்தது. லயத்து வீடுகளில் இருந்த ஜனங்கள் பக்கத்துத் தாமானில், புதுக் குடியிருப்பில், சின்னச் சின்ன வீடுகளுக்கு மாறினார்கள். பெண்கள் நீலாய் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போய், ஏற்றிக்கொண்டு வருவது என் வேலை.

விடிவதற்கு முன்னால் கிளம்பும் பஸ் என்றால் எல்லாரும் தூங்கிக்கொண்டு வருவார்கள் என்றுதான் நினைப்பீர்கள். என் பஸ்ஸில் தூங்கினால் பக்கத்துச் சீட்டுக்காரி கிள்ளிவிடுவாள். ஏனென்றால் கதை தவறிப் போகும்.

அந்தப்புரத்தில் பெரட்டு

கதை சொன்னவள் கோகிலா. தோட்டம் இருந்த காலத்தில் ஆயாக் கொட்டாயில் வேலை பார்த்தவள். அம்மாக்கள் பால் வெட்டப் போனால் பிள்ளைகளைத் தூங்க வைப்பது அவள் பொறுப்பு. அங்கே பழகிய வாய். வீட்டுக்காரர் தவறிப்போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளை இல்லை. தாமானில் அவள் பெயரில் ஒரு வீடு, வாசலில் ஒரு கறிவேப்பிலை மரம்.

ஒரு மழைநாளில் சாலையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. பொழுது போகாமல் கோகிலா ஆரம்பித்தாள்: "பொன்மலை நாடுன்னு ஒரு நாடு. அங்க ஒரு ராஜாவுக்கு மூணு ராணி." மரத்தை வெட்டி எடுத்தபோது பெண்கள் வெட்டியவர்களைத் திட்டினார்கள். அவ்வளவு சீக்கிரம் எதற்கு வெட்டினார்கள் என்று.

அன்று முதல் தினமும் பொன்மலை நாடுதான்.

நான் கேட்டிருந்த ராஜா கதைகளில் யானை வரும், குதிரை வரும், தலை உருளும். கோகிலாவின் கதையில் ராஜா போருக்குப் போவது ஒரே வாக்கியம். அதற்கப்புறம் மூத்த ராணி செங்கமலம் தலை குளித்து முடி காய வைப்பது ஒரு வாரம் போகும். எந்தத் தோழி சாம்பிராணி பிடித்தாள், எவள் சிக்கு எடுத்தாள், சிக்கு எடுக்கும்போது இளைய ராணியைப் பற்றி என்ன கோள் மூட்டினாள் என்று எல்லாம் வரும். ராணிக்கு வயிற்று வலி வந்தால் யார் கஷாயம் வைத்தது, மாத விலக்கு நாளில் எந்த அறையில் படுத்தாள், மாமியார் மகாராணி அப்போதும் வேலை வாங்கினாளா என்று பெண்கள் கேட்பார்கள். கோகிலா பதில் சொல்வாள். நான் ரேடியோவைத் திருகுகிற மாதிரி நடிப்பேன். அந்த ரேடியோ பாடி வருடக் கணக்காகியிருந்தது.

கோகிலா எந்த அரண்மனையைப் பார்த்தாள்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தோட்டம். அதனால் பொன்மலை அரண்மனையில் தினமும் காலையில் பெரட்டு நடக்கும். விடிவதற்கு முன்னால் தோழிகள் எல்லாரும் முற்றத்தில் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு பெண் மண்டோர், அதாவது கங்காணி, பெயர் கூப்பிடுவாள். வராதவளுக்கு அன்றைக்குப் பூப்பறிக்கும் வேலை கிடையாது, புல் வெட்டப் போக வேண்டும். ராணிகள்கூடத் தப்ப முடியாது. நடு ராணி பெரட்டுக்குத் தாமதமாக வந்து மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாளில் பஸ்ஸே குலுங்கியது.

யாரும் சந்தேகப்படவில்லை. பெரட்டு இல்லாமல் இத்தனை பேரை எப்படி வேலை வாங்குவது? நானும் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆளுக்கொரு ராணி

வெகு சீக்கிரம் பஸ் மூன்று கட்சியானது. இளைய ராணி கட்சிக்குத் தலைவி லெட்சுமி. என் சீட்டுக்கு நேர் பின்னால் உட்காருவாள். கோபம் வந்தால் என் சீட்டைத்தான் குத்துவாள்.

ஒருநாள் கோகிலா இளைய ராணிக்கு அம்மை போட்டுவிட்டாள்.

"அதெப்படி எங்க ராணிக்கு மட்டும் அம்ம போடும்?" என்று குத்தினாள் லெட்சுமி. என் முதுகெலும்பு குலுங்கியது. "முகத்துல தழும்பு கிழும்பு வந்துச்சு, நான் நாளையிலேர்ந்து கடைசி சீட்டுக்குப் போயிருவேன், பார்த்துக்க!"

"தழும்பு வராதுலா. வேப்பெலயில படுக்க வச்சிருக்கு."

"எளநீ குடுத்தீங்களா?"

"குடுத்தாச்சு."

"யார் குடுத்தா?"

"மூத்த ராணியே கையால குடுத்தா."

லெட்சுமி கொஞ்சம் இறங்கி வந்தாள். "அப்ப சரி."

பிறகு ஒருநாள், "ராஜா போர்ல போய்ச் சேந்துட்டாரு" என்றாள் கோகிலா. லெட்சுமி கேட்டாள்: "சரி, அவரு கழுத்துல கெடந்த முத்துமால யாருக்கு?"

வேறு ஒருத்தி பயந்துகொண்டே கேட்டாள், ராணிகளை ராஜாவோடு நெருப்பில் ஏற்றுவார்களா என்று. கோகிலா தலையை ஆட்டினாள். "என் நாட்டுல அந்தப் பேச்சே கெடையாது." பொன்மலை நாட்டின் சட்டத்தை எழுதியது அவள். ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

ஒரு முட்டாள் தேரோட்டி

அப்போதுதான் கதைக்குள் ஒரு தேரோட்டி வந்தான். செங்கமலத்தைக் கோயிலுக்கு ஏற்றிப் போகிறவன். அவனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

வளைவு வந்தால் தொண்டையைச் செருமுவான். வெள்ளிக்கிழமை தேர்ச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவான். குதிரை மிரண்டால் "அலாமாக்!" என்பான். தேருக்குப் பின்னால் ஸ்பேர் சக்கரம் ஒன்று கட்டி வைத்திருப்பான். ஓயாமல் ஜோக்கடிப்பான். ஆனால் ராணி ஒரு வார்த்தை மனசு விட்டுப் பேசினால், சக்கரத்தைப் பார்க்கக் குனிந்துவிடுவான்.

"சரியான மரக்கட்ட!" என்று நான் ஸ்டியரிங்கிலிருந்தே சத்தம் போடுவேன். "ஸ்பேர் சக்கரம் கட்டுனா தேரு இழுக்குமா? அந்தக் குதிரையத்தான் கேக்கணும். இவனுக்கு யாரு லைசென்ஸ் குடுத்தா?"

பஸ்ஸில் சிரிப்பு அடங்காது. என் ஜோக்குக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நான் இன்னும் இரண்டு எடுத்து விடுவேன். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு வளைவில் திருப்புவேன். மறுபடியும் சிரிப்பார்கள். சட்டை கிழிந்திருக்கிறதோ என்று தடவிப் பார்ப்பேன்.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் தூங்கியவன் என்று முன்பே சொன்னேன்.

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. பஸ்ஸில் எல்லாரும் என்னை "அண்ணே" என்பார்கள். என்னைவிட வயதில் மூத்தவர்கள்கூட. கோகிலா மட்டும் "டிரைவர்" என்பாள். "டிரைவர், கொஞ்சம் மெதுவா." "டிரைவர், சாப்டாச்சா?" ஒருநாள் மனசு கேட்காமல் லெட்சுமியிடம் புகார் செய்தேன். "நான் அவளுக்கு என்னா பண்ணேன்? ஒரு மரியாதைக்கு அண்ணேன்னு கூப்டக் கூடாதா?"

லெட்சுமி தலையில் கைவைத்துக்கொண்டாள். "அண்ணே, நீங்க பஸ்ஸ மட்டும் ஓட்டுங்க."

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கோகிலா சீட்டின் ஜன்னல் கடகடத்தது. மற்ற ஜன்னலெல்லாம் கடகடக்க, அதற்கு மட்டும் அட்டை மடித்துச் செருகினேன். உள்கண்ணாடியை அவள் சீட்டு தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தேன். பாதுகாப்புக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெண்கள் எல்லாரும் எனக்கு ஏதாவது கட்டிக் கொடுப்பார்கள். அவற்றையெல்லாம் ஃபேக்டரிக் காவலாளியோடு பகிர்ந்து தின்பேன். கோகிலா கொடுக்கும் நெத்திலிச் சம்பலையும் சோற்றையும் மட்டும் காலி பஸ்ஸில் கதவைச் சாத்திக்கொண்டு தின்பேன். இதற்கு என்ன பெயர் என்று அந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் வாயில் வந்திருக்காது. வந்தது ஜோக்குகள்தான்.

காக் சைத்தோன் போட்ட சத்தம்

பொன்மலை நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா போய்விட்டால் மூத்த ராணி தன் தம்பியின் நாட்டுக்குப் போய், அவன் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட வேண்டும்.

அந்த வாரத்தில்தான் ஜொகூரிலிருந்து கோகிலாவின் தம்பி போன் பண்ணியிருந்தான். அவனுக்கும் சம்சாரத்துக்கும் வேலை, சின்னப் பிள்ளைகள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. "அக்கா, நீ தனியாத்தான இருக்க? வீட்ட வாடகைக்கு விட்டுட்டு இங்க வந்துரு" என்றானாம். இந்தச் சேதியைக் கேட்காதவள் கிடையாது பஸ்ஸில். அதனால் ராணி போவாளா என்று கேட்டபோது, எல்லாருக்கும் அது இரண்டு கேள்வி.

பஸ்ஸில் காக் சைத்தோன் என்று ஒரு மலாய் அக்கா வருவார். ரெம்பாவ் பக்கத்துக் கம்போங், மலாய்க் கிராமம். தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அன்றைக்குக் கண்ணைத் திறந்தார்.

"அடோய்! ராணி எதுக்குப் போகணும்?"

"வழக்கம், காக்" என்றாள் கோகிலா.

"என்னா வழக்கம்? நீ நம்ம நெகிரி செம்பிலான்ல பொறந்தியா, வேற எங்கயாச்சும் பொறந்தியா? எங்க கம்போங்ல வீடு, நெலம் எல்லாம் பொம்பளைக்கு. அம்மாகிட்டேர்ந்து மகளுக்கு. புருஷன் செத்தா, வீடு அவ வீடுதான். கல்யாணம்னா ஆம்பளதான் துணிப் பொட்டியத் தூக்கிட்டு வருவான். எங்க அப்பாகூட அப்படித்தான் எங்க அம்மா வீட்டுக்கு வந்தாரு. ராணியா இருந்துக்கிட்டு, கேவலமா பொட்டி கட்டுறா!"

பஸ் வாய் பிளந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் கம்போங் வழியாகப் போய்வருகிறோம். இதைப் பொன்மலை நாட்டோடு சேர்த்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"அப்ப ராணி அம்மாம்பெரிய அரண்மனையில தனியாவே கெடக்கணுமா?" என்றாள் லெட்சுமி.

"தனியா எதுக்கு? வர்றவன் வரட்டும். கேட்டுட்டு வரட்டும். செருப்ப வெளிய விட்டுட்டு வரட்டும்."

எல்லாரும் உள்கண்ணாடியைப் பார்த்தார்கள். பின்னால் லாரி ஏதும் முட்ட வருகிறதோ என்று நானும் பார்த்தேன்.

கோகிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ராணிக்கு நாடு இருக்கு. யாராச்சும் இருன்னு சொன்னா இருக்கலாம். யாரும் சொல்லலயே."

அந்த மாதக் கடைசியில் அவள் ஃபேக்டரியில் வேலையை விட்டுவிட்டாள்.

மறுபடியும் அந்தக் கதவு

கடைசி நாள். எங்களோடு சிரம்பான் வரை வந்து, அங்கிருந்து ஜொகூர் பஸ் ஏறுவதாக ஏற்பாடு. வாணலியோடு ஏறினாள். பழகிய வாணலி, விட்டுவிட்டுப் போக மனசில்லை என்றாள். நான் அதை வைத்து ஒரு ஜோக் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் அது புதுசு.

கதையைத் தொடங்கினாள். செங்கமலம் தேரில் ஏறிவிட்டாள். பெரட்டுக் களத்தில் தோழிகள் வரிசையாக நின்று அழுகிறார்கள். தேர் போகிறது. நாட்டின் எல்லை. ஒரு வழி தம்பி நாட்டுக்கு, ஒரு வழி திரும்பி அரண்மனைக்கு. ராணி தேரை நிறுத்தச் சொன்னாள்.

நான் பஸ்ஸை நிறுத்தினேன். சிரம்பான் வந்துவிட்டது.

"அப்புறம்? தேரோட்டி என்னா சொன்னான்?" என்றார் காக் சைத்தோன்.

கோகிலா எழுந்து பையை எடுத்தாள். "அது எனக்குத் தெரியாது, காக். அவன் வாயத் தொறந்தாத்தான் தெரியும்."

கதவைத் திறந்தேன். அவள் ஒரு படி இறங்கினாள்.

"அவன் எங்க தொறப்பான், மரக்கட்டப் பய..." என்று ஆரம்பித்தேன்.

சீட்டில் ஒரு குத்து விழுந்தது. இதுவரை விழுந்ததெல்லாம் குத்தே இல்லை. "அண்ணே!" என்று கத்தினாள் லெட்சுமி. "முன்னாடி என்னா இருக்குன்னு பாருங்க!"

பார்த்தேன். டேஷ்போர்டில் எலுமிச்சம்பழங்கள், போன வெள்ளிக்கிழமை மிச்சம். என் தொண்டையில் செருமல் ஒன்று தயாராக நின்றது. அதை விழுங்கினேன். பஸ்ஸுக்குப் பின்னால், ஸ்பேர் டயர் தேய்ந்துபோனதால் நானே கயிறு போட்டுக் கட்டிய இன்னொரு ஸ்பேர் டயரும் ஞாபகம் வந்தது.

அலாமாக்.

இங்கேதான் இந்த அத்தியாயத்தைத் தொடங்கினேன். அவள் படியில். வாணலிக் கைப்பிடி. எல்லார் கண்ணும் என் பிடரியில். குனிந்து பார்க்க ஒரு சக்கரம்கூட இல்லை.

"ராணிம்மா" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "தேரோட்டிக்குப் படிப்பு கெடையாது. முன்னாடி ரெண்டு பல்லு கெடையாது. சோறாக்குவான். துணி தொவைப்பான், காய வச்சு மடிக்க மட்டும் வராது. ராணி போயிட்டா... போயிட்டா அவன் யாருக்கு வண்டி ஓட்டுவான்னு அவனுக்குத் தெரியல. ராணிய அவன் வீட்டுக்குக் கூப்டல, அவனுக்கு ஏது வீடு? அரண்மன வாசல்ல, கருவேப்பில மரத்தடியில, ஒரு குதிரக் கொட்டா போட்டுக்க எடம் இருக்குமான்னு கேக்குறான்."

கோகிலா என்னைப் பார்த்தாள். கண்ணாடி வழியாக இல்லாமல் நேராக அவள் முகத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மரத்தடியில எடம் இல்ல" என்றாள்.

என் உயிர் போய்விட்டது.

"வீட்டுக்குள்ளதான் இருக்கு. செருப்ப மட்டும் வெளிய விடணும்."

மேல்படியில் இருந்த காலோடு மற்ற காலும் போய்ச் சேர்ந்தது. எனக்குப் பக்கத்தில், எப்போதும் என் சாப்பாட்டுப் பை மட்டும் உட்காரும் முன்சீட்டில், வாணலியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ் போட்ட சத்தத்தில் நிலையத்திலிருந்த டாக்ஸிக்காரர்கள் ஓடி வந்தார்கள், யாருக்கு என்ன ஆனது என்று. காக் சைத்தோன் ஜன்னலைத் திறந்து அவர்களுக்கு மலாயில் விளக்கினார். என்ன சொன்னாரோ, ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார்.

கோகிலா அங்கேயே தம்பிக்குப் போன் போட்டாள். "பள்ளி லீவுல புள்ளைங்கள அனுப்பு, நான் பார்த்துக்கிறேன். நான் வரல. ஆமா, நல்லாத்தான் இருக்கேன். ஏன் சத்தமா? பஸ்ல எல்லாரும் அழறாங்க. இல்லலா, சந்தோஷத்துலதான்."

ஃபேக்டரிக்கு அன்றைக்குத் தாமதம். காரணம் கேட்ட மேற்பார்வையாளரிடம் எல்லாரும் ஒன்றுபோல, "ராணி திரும்பி வந்துட்டாங்க" என்றார்களாம். அவர் சாலை நெரிசல் என்று எழுதிக்கொண்டாராம்.

எல்லாரையும் இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் பெடாஸ் திரும்பினோம். நல்ல வெயில் வந்திருந்தது. அவள் பழைய சீட்டின் ஜன்னலைத் தவிர மற்ற எல்லாம் கடகடத்தன. என்ன பேசுவது என்று தெரியவில்லை. தெரிந்த ஒன்றைக் கேட்டேன்.

"அப்புறம் ராணி என்னா பண்ணுவா?"

"அத நாளைக்குத்தான் சொல்லுவேன். எல்லாரும் இருக்கும்போது. ஒங்களுக்கு மட்டும் மொதல்ல சொன்னா லெட்சுமி என்னையக் கொன்னுடுவா."

"நாளைக்கா? நீதான் வேலைய விட்டுட்டியே?"

அவள் வாணலிக் கைப்பிடியைப் பைக்குள் தள்ளினாள். அது மறுபடியும் எட்டிப் பார்த்தது.

"வேலையத்தானே விட்டேன், பெருமாளு" என்றாள். "பஸ்ஸ விடலயே."